முதல் பாதியில் அழுத்தம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வந்தேவிட்டது! தேசிய நடுவர் தேர்வுக்கு என் பெயரும் போகிறது. மாவட்ட வாலிபால் சங்கத்தின் செயலாளர் தங்கப்பழம் அண்ணாச்சியே போன் செய்தார்.

"எம்மா வடிவு, செப்டம்பர் ஆறும் ஏழும் பெங்களூர்ல. எழுத்துத் தேர்வு, களத் தேர்வு, வாய்த் தேர்வு, மூணும் உண்டு. ஒனக்கு இது மூணாவது தடவை. நாப்பது முடிஞ்சா எழுத விடமாட்டாங்க, ஞாபகம் வச்சுக்கோ."

ஞாபகம் இல்லாமல் என்ன? வரும் தையில் நாற்பது முடிகிறது. இதை விட்டால் கடைசி வரை மாவட்ட நடுவர்தான். திருநெல்வேலியைத் தாண்டி ஒரு பெரிய மேட்சில் அந்த உயர நாற்காலியில் ஏறவே முடியாது. பதினைந்து வருஷமாக ஊதுகிறேன். என் விசிலை ஒருத்தன் குறை சொன்னதில்லை.

எழுத்துத் தேர்விலும் களத் தேர்விலும் இரண்டு தடவையும் நல்ல மார்க். வாய்த் தேர்வில்தான் போனது. கேள்வியும் ஆங்கிலம், பதிலும் ஆங்கிலம். முதல் தடவை ரயில் லேட், ஓடிப்போய் உட்கார்ந்ததில் மூச்சு வாங்கியது. இரண்டாம் தடவை காய்ச்சல். இந்தத் தடவை பார்க்கலாம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து மேசை பியூலா டீச்சர். ஆங்கிலம் எடுப்பவள். நானும் அவளும் ஒரே வருஷம் வேலையில் சேர்ந்தோம். நான் பி.டி. டீச்சர் என்பதால் என் பீரியடுகளை எல்லாரும் பிடுங்கிக்கொள்வார்கள். அதிகம் பிடுங்கியது இவள்தான். "இத்தனை வருஷத்துப் பீரியடுக்கும் சேர்த்து எனக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லிக் குடு" என்றேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள்.

"எங்க, ஸ்கோர்ஷீட்னு சொல்லு" என்றாள்.

"ஸ்கோருஷீட்டு."

"தாடைக்குக் கீழ கையை வச்சுக்கிட்டுச் சொல்லு. தாடை எத்தனை தடவை இறங்கிக் கையில இடிக்கோ, அத்தனை அசை."

வைத்துச் சொன்னேன். நாலு தடவை இடித்தது.

"இங்கிலீஷ்ல ரெண்டுதாம்ட்டி இருக்கு. மிச்ச ரெண்டும் நீயா போட்டது. எல்லா வார்த்தைக்கும் வாலு மாதிரி 'உ'வைக் கட்டி விடுதே. நம்ம ஊர்க்காரங்க எல்லாருக்கும் இதே வேலைதான்."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. முப்பத்தொன்பது வருஷமாக இப்படி வால் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேனா! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தாடையில் கையை வைத்துக்கொண்டே வந்தேன். பல் வலியா டீச்சர் என்று பூக்கடைக்கார அக்கா கேட்டாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சைடுலைனு: நாலு. சைட்லைன்: இரண்டு. ஜெயித்தாச்சு.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று பியூலா சொன்னதைக் கேட்டு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு வார்த்தை சேர்ந்து ஒரே பொருளுக்குப் பேராகிவிட்டால், அழுத்தம் பெரும்பாலும் முதல் பாதிக்குப் போய்விடுமாம். இரண்டாம் பாதியை லேசாகத் தொட்டுவிட்டு விட்டுவிட வேண்டுமாம். ரெயின்கோட். லஞ்ச்பாக்ஸ். டூத்பிரஷ். கருப்பு அடித்த ஏதோ ஒரு பலகையை ப்ளாக் போர்ட் என்று சொன்னால் போர்டில் அழுத்தம். நாம் சாக்பீஸால் எழுதுகிற ப்ளாக்போர்ட் என்றால் ப்ளாக்கில்தான் அழுத்தம். நாம்தான் இரண்டையும் ஒரே கனத்தில் போட்டு உடைக்கிறோம்.

"அப்ப அழுத்தத்தை மாத்திப் போட்டா அவங்களுக்குப் புரியாதா?" என்றேன்.

"புரியும். ஆனா ஒரு நொடி முழிப்பாங்க. அந்த ஒரு நொடியிலதான் நீ பயந்துருவே" என்றாள் பியூலா.

இவளுக்கு யார் சொன்னது, நான் பயப்படுவேன் என்று?

ஆகஸ்ட் 9, சனி

ஒரு யோசனை வந்தது, பிரமாதமான யோசனை! வாயால் சொன்னால்தானே தடுமாறுகிறேன்? எனக்கு விசில் நன்றாக வரும். கனமான அசைக்கு நீளமாக ஊதினேன், லேசான அசைக்குக் குட்டியாக ஊதினேன். ஸ்கோர்ஷீட்: பீ–பி. முழங்காலில் மாட்டுகிற நீபேட்: பீ–பி. பின்வரிசை ஆடுகிற பேக்கோர்ட்: பீ–பி. முதலில் ஊதுவது, பிறகு அதே தாளத்தில் வாயால் சொல்வது. சொன்னால் அப்படியே வருகிறது! முப்பது வார்த்தை ஊதினேன். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது கூடத் தெரியவில்லை.

வீட்டுக்காரர் பேச்சிமுத்து அரசு பஸ் டிரைவர். டியூட்டி முடிந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏ வடிவு, பஸ்ஸுல கண்டக்டர் ஊதுதான். வீட்டுக்கு வந்தா நீ ஊதுதே. நிக்கவா, போகவா?"

"போய்க் கை கால் கழுவுங்க."

"அதுக்கு எத்தனை விசிலு?"

நன்றாகச் சிரித்தோம். குழம்பு தீய்ந்ததை அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெங்களூருக்கு லீவு போட்டு என்னோடு வரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

விசில் வார்த்தைகள் இருநூறைத் தாண்டிவிட்டன. மார்க்கெட்டில் விசிலை வாயில் வைக்காமலே மூச்சால் ஊதிப் பார்க்கிறேன். கீசெயின், டியூப்லைட், டீக்கப். தன்னாலேயே வருகிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எனக்கு ஆஸ்துமா என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சுதந்திர தினக் கோப்பை. பெண்கள் இறுதி ஆட்டத்துக்கு நான்தான் முதல் நடுவர். அன்றைக்கு நான் ஊதுவதைப் பார்த்துவிட்டுத்தான் அண்ணாச்சி சிபாரிசுக் கடிதம் எழுதுவார். எனக்கு அதில் என்ன கவலை?

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் கொடியேற்றம், மிட்டாய். மதியம் மூன்று மணிக்கு இறுதி ஆட்டம். நல்ல கூட்டம். மகளிர் கல்லூரி அணிக்கும் போலீஸ் அணிக்கும் ஐந்து செட் போனது. ஐந்தாவது செட்டில் போலீஸ் அணி 14, கல்லூரி 13. கல்லூரி அணியில் முத்துமாரி என்று ஒரு பெண் வலை ஓரத்தில் பேயாட்டம் ஆடினாள். கடைசிப் பந்தில் பின்வரிசைக்காரி ஒருத்தி எகிறினாள். என் விசில். முத்துமாரி வலையைத் தொட்டதாக நெட் டச் கொடுத்தேன். போலீஸ் அணி 15. ஆட்டம் முடிந்தது.

கல்லூரிப் பெண்கள் கொஞ்சம் சத்தம் போட்டார்கள். எல்லா இறுதி ஆட்டத்திலும் நடப்பதுதான். அந்த நேரத்தில் என் தலைக்குள் பேக்கோர்ட் என்ற வார்த்தை ஓடிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

அண்ணாச்சி, "சபாஷ், தைரியமா குடுத்தே" என்றார்.

ஆகஸ்ட் 16, சனி

வீடு கழுவினேன். தண்ணீர் டேங்க் கழுவினேன். கழுவியிருந்த டேங்கை மறுபடியும் கழுவினேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

கல்லூரி அணியின் கோச் முத்துமாரியை டீமிலிருந்து எடுத்துவிட்டாராம். மேட்ச் பாயிண்டில் வலையைத் தொட்டுவிட்டு, தொடவே இல்லை என்று எதிர்த்துப் பேசினாளாம். பொய் சொல்கிறவள் என் அணியில் வேண்டாம் என்றாராம். பியூலாவின் தங்கை அந்தக் கல்லூரியில்தான் கிளார்க். அவள் சொல்லித் தெரிந்தது.

"அந்தப் பிள்ளை வெளையாட்டு கோட்டாவுலதான் படிக்கு. பாவம்" என்றாள் பியூலா.

நான் வார்த்தை நோட்டை மூடிவிட்டு கிரவுண்டுக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று ஒரு வார்த்தையும் ஊதவில்லை. வாயால் சொல்லிப் பார்க்கவும் இல்லை. பியூலா கேட்டாள், தொண்டை வலி என்றேன். இவளிடம் பொய் சொல்வது எனக்கே பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை வேறு யார் படிக்கப் போகிறார்கள்?

முத்துமாரி வலையைத் தொடவே இல்லை.

பின்வரிசைக்காரி எகிறியதும் பேக்கோர்ட் என்று மனசு சொன்னது. ஒரு வாரமாக ஊதி ஊதிப் பழகிய மூச்சு தன் பாட்டுக்குப் போய்விட்டது. விசில் வாயில் இருந்தது. பீ–பி. பந்து இன்னும் ஆகாசத்தில். பன்னிரண்டு பெண்களும் நின்றுவிட்டார்கள். கூட்டம் என்னைப் பார்த்தது. முன் வரிசையில் உட்கார்ந்து அண்ணாச்சி பார்த்தார்.

நடுவர் தவறுதலாக ஊதிவிட்டால் செய்ய வேண்டியது சின்ன வேலை. இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்ட வேண்டும். ஆட்டத்தை அந்தப் புள்ளியிலிருந்து மறுபடி ஆடுவார்கள், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விதி. எனக்குக் கட்டைவிரல் எழும்பவில்லை. நம் சிபாரிசு போச்சே என்ற ஒரே நினைப்பு. கை போய் வலையைத் தொட்டுக் காட்டியது. முத்துமாரி அப்போது வலைக்குப் பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான் அவள் செய்த தப்பு.

"மேடம், நான் தொடலை மேடம். சத்தியமா தொடலை" என்றாள். கேப்டன் வந்து விளக்கம் கேட்டாள். நான் மறுபடியும் அதே சைகையைக் காட்டினேன். நடுவர் வாயைத் திறக்கத் தேவையில்லை என்பதில் எவ்வளவு வசதி!

எழுத ஆரம்பித்ததோடு இதையும் எழுதிவிடுகிறேன். ரயில் லேட்டாகவில்லை. காய்ச்சலும் இல்லை. இரண்டு தடவையும் வாய்த் தேர்வு நாற்காலியில் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் தடவை ஆறு நிமிஷம். கேட்டவருக்கே பாவமாகி, டீ குடிக்கிறீர்களா என்றார். அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன். வீட்டுக்காரருக்குக்கூட இது தெரியாது.

ஆகஸ்ட் 23, சனி

முத்துமாரியின் வீட்டுக்குப் போனேன். பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீடு. அவள் கதவைத் திறந்தாள், என்னைப் பார்த்ததும் முகம் இறுகிப்போயிற்று. உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விசிலில் வார்த்தை பழகியதையும் சொன்னேன்.

"வெளையாடுதீங்களா மேடம்?" என்றாள்.

"இல்லைம்மா. நெசம்."

"இதை என்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க? நான் தொடலைன்னு எனக்குத் தெரியாதா? எங்க கோச்சுகிட்ட சொல்லுங்க. சங்கத்துல எழுதிக் குடுங்க. அன்னிக்கு அத்தனை பேரு முன்னால என்னைப் பொய் சொல்லுதவன்னு ஆக்கினீங்கல்லா? இப்ப மெதுவா வீட்டுக்குள்ள வந்து சொன்னா சரியாப் போச்சா?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து கோச்சுக்கு போன் போட்டேன். அவர் பத்து நிமிஷம் என்னைத் திட்டினார். முத்துமாரி கதவருகில் நின்று கேட்டாள். திட்டு முடிந்தபோது ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. ஆங்கிலத்தைப் பியூலா திருத்திக் கொடுத்தாள். திருத்தும்போதுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அப்ப நான் அசை சொல்லிக் குடுத்ததுதான் வெனையா?"

"நீ விசில்ல ஊதச் சொன்னியா? அது என் மூளை. நெட் டச் குடுத்ததும் என் மூளைதான்."

"இதைக் குடுத்தா ஒன்னைத் தேர்வுக்கே அனுப்ப மாட்டாங்கட்டி."

"தெரியும்."

சாயங்காலம் அண்ணாச்சி அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏ தாயி, உள்ளூர்க் கப்பு ஒண்ணு. ஆடினாங்க, போனாங்க, முடிஞ்சு போச்சு. நீ ஏன் சொறிஞ்சு புண்ணாக்குதே? ஒன் சிபாரிசுக் கடிதத்தை இன்னும் நான் பெங்களூருக்கு அனுப்பக்கூட இல்லை. இதைக் கிழிச்சிருதேன், பேசாமப் போயிரு."

"கிழிக்காதீங்க அண்ணாச்சி. அனுப்புறதா இருந்தா ரெண்டையும் ஒரே கவர்ல வச்சு அனுப்புங்க. இல்லைன்னா ரெண்டையும் அனுப்பாதீங்க."

"ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்றார். ஆனால் கவரை என் முன்னால்தான் ஒட்டினார். இரண்டும் உள்ளே.

வீட்டுக்காரரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அந்த ஆறு நிமிஷம் உட்பட. "ரயிலு அன்னிக்கு லேட்டு இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும். நான் போன்ல ரயில்வே ஆப்பு பாத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றார். அட பாவி மனுஷா! நான்கு வருஷமாக ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

தேர்வுக்கு வரச் சொல்லி பெங்களூரிலிருந்து கடிதம். வரச் சொல்லிவிட்டார்கள்! கவரைப் பிரித்துப் படித்தார்களா, படிக்கவில்லையா தெரியாது. துணி துவைக்கவே மறந்துவிட்டது. மறுபடியும் பயிற்சி ஆரம்பம். விசில் இல்லாமல், தாடையில் கையை வைத்து, வாயால் மட்டும்.

செப்டம்பர் 7, ஞாயிறு, பெங்களூரிலிருந்து திரும்பும் வழி

ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது. ரயிலால் பாதி, மீதி சந்தோஷத்தால்!

எழுத்துத் தேர்வும் களத் தேர்வும் நேற்றே முடிந்தன. இன்று வாய்த் தேர்வு. மூன்று பேர். நடுவில் வடக்கத்திக்காரர், ஆறரை அடி இருப்பார். ஒரு பக்கம் கோவா அம்மா ஒருவர், மறுபக்கம் வயதான ஒரு தெலுங்குக்காரர். உட்கார்ந்ததும் வடக்கத்திக்காரர் ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். என் கடிதம். படித்திருக்கிறார்கள்!

"இதை நீங்கள்தான் எழுதினீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மறுபடியும் அதே வாய்த் தேர்வு நாற்காலி. ஒரு நொடி, இரண்டு நொடி. முத்துமாரி கதவருகில் நின்றது நினைவுக்கு வந்தது. அத்தனை பேர் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கினீர்களே என்றாளே. இங்கே மூன்று பேர்தானே!

"எஸ் சார். நான்தான்" என்றேன். பிறகு நிற்கவில்லை. ஆங்கிலம் சரியா தப்பா, அழுத்தம் முதல் பாதியா இரண்டாம் பாதியா, எதையும் பார்க்கவில்லை. என்ன நடந்தது, எதற்காக அப்படிச் செய்தேன், யாருடைய இடம் பறிபோனது, எல்லாம் வந்தது. விசில் எப்படித் தானாக ஊதியது என்று கோவா அம்மா கேட்டார். அசையை விளக்கி, தாடைக்குக் கீழே கையை வைத்துக் காட்டினேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவரும் கையை வைத்தார். தெலுங்குக்காரரும் வைத்தார். கடைசியில் வடக்கத்திக்காரரும் தன் தாடைக்குக் கீழே கையை வைத்து, "இஸ்கோர்ஷீட்" என்றார். மூன்று இடித்தது!

"சார், வாலை உங்கள் ஊரில் முன்னால் கட்டுகிறீர்கள், எங்கள் ஊரில் பின்னால் கட்டுகிறோம்" என்றேன். சொன்ன பிறகுதான் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் மாறியது. "நாளைக்கே தேசிய இறுதி ஆட்டம். பத்தாயிரம் பேர். மேட்ச் பாயிண்ட். தவறுதலாக ஊதிவிட்டீர்கள். என்ன செய்வீர்கள்?"

"இரண்டு கட்டைவிரல், சார்."

"மைதானமே உங்களைத் திட்டினால்?"

"இரண்டு கட்டைவிரல், சார்."

"உங்கள் பேட்ஜ் போய்விடும் என்றால்?"

"போன தடவை அதை நினைத்துத்தான் சார் தப்பு செய்தேன்" என்றேன்.

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். கோவா அம்மா கடிகாரத்தைப் பார்த்து, பதினான்கு நிமிஷம் ஆகிவிட்டது என்றார். பதினான்கு நிமிஷம்! நான்! ஆங்கிலத்தில்!

மனப்பாடம் செய்த முந்நூற்றுச் சொச்சம் வார்த்தைகளில் ஒன்றைக்கூட அவர்கள் கேட்கவில்லை. பியூலாவிடம் எப்படிச் சொல்வேன் தெரியவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

இரண்டு கடிதங்கள் ஒரே நாளில் வந்தன. தேசிய நடுவர் தேர்வில் பாஸ். பாஸ், பாஸ், பாஸ்! பியூலா என்னைத் தூக்கப் பார்த்து, முடியாமல் மேசையில் உட்கார வைத்தாள். "பாஸ், ஒரே அசை. வாலு கட்டாமச் சொல்லு" என்றாள்.

இரண்டாவது கடிதம் மாவட்டச் சங்கத்துடையது. ஆகஸ்ட் 15 ஆட்டத்தில் செய்த தவறுக்காக மூன்று மாதம் எந்த ஆட்டத்திலும் நடுவராக நிற்கக் கூடாது. அண்ணாச்சி போன் செய்து, "என்ன செய்ய தாயி, நீயே எழுதிக் குடுத்துட்டே" என்று வருத்தப்பட்டார். எனக்கு வருத்தமாக இல்லை. கொஞ்சம் இருந்தது. பேட்ஜ் கையில் வந்தும் சட்டையில் குத்த முடியாது என்றால் யாருக்குத்தான் இருக்காது?

செப்டம்பர் 25, வியாழன்

முத்துமாரி போன் செய்தாள்.

"மேடம், கோச்சு என்னைத் திரும்பச் சேத்துக்கிட்டாரு. ஞாயித்துக்கிழமை எங்களுக்கு மேட்ச். நீங்கதான் ரெஃப்ரியா?"

"எனக்கு மூணு மாசத்துக்குத் தடைம்மா."

"அப்ப கேலரியில வந்து உக்காருங்க" என்றாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பதினைந்து வருஷத்தில் ஒரு வாலிபால் ஆட்டத்தைக் கேலரியில் உட்கார்ந்து பார்த்தது இன்றுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. பக்கத்தில் வீட்டுக்காரர், அந்தப் பக்கம் பியூலா. முதல் செட் முழுக்க வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவர் கத்தக் கூடாது, யார் பக்கமும் சேரக் கூடாது. பழக்கம் விடுமா?

இரண்டாவது செட். முத்துமாரி வலைக்கு மேலே எழும்பி ஓர் அடி அடித்தாள். பந்து எதிர்க்களத்தின் மூலையில் விழுந்து கேலரிக்கே வந்துவிட்டது.

"ஏ முத்துமாரீ!" என்று ஒரு சத்தம். யார் இப்படிக் கத்துகிறது என்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அவளும் பார்த்தாள். களத்தின் நடுவில் நின்று, சிரிக்காமல், இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினாள். மறுபடி ஆடலாம் என்று.

பிறகு நான் உட்காரவே இல்லை. ஆட்டம் முடியும் வரை நின்றுகொண்டே கத்தினேன். வீட்டுக்காரர் சேலையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. மூன்று செட்டில் ஜெயித்தார்கள். தொண்டை கட்டிவிட்டது, பேச்சே வரவில்லை. நாளைக்கு கிரவுண்டில் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் கையால்தான் காட்ட வேண்டும்.